திசைவிரதமும் செம்பாறை நாடும்

இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் நாம் மிகக் குறைவாக எண்ணிப் பார்ப்பது திசைவிரதம். அணுவிரதம் ஐந்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஊன் உண்ணாமையை உறுதியாகவும் இரவுண்ணாமையைக் கூடியவரையும் காக்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். ‘இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன்’ என்று உறுதி பூணுவதை மட்டும், கூண்டு வண்டியில் பயணம் போன காலத்து வழக்கம் என்று ஒதுக்கிவிட்டோம். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற மே மாதம் அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்துப் பாலைப் பள்ளத்தாக்குகளில் பத்து நாள் சுற்றி வந்த பின்னர் அவ்வெண்ணம் ஆட்டங் கண்டது. அது பற்றியே இக்கட்டுரை.

எம் மகன் தென் கலிபோர்னியாவில் பணி செய்கிறான். அவன், மருமகள், பதினொரு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் ஆக ஐவர் ஒரே காரில் புறப்பட்டோம். கூடாரங்கள், அடுப்பு, அரிசி, பருப்பு, நீர்க்குடுவைகள் எல்லாம் வண்டியின் பின்புறம். லாஸ் வேகாஸ் வழியாக ஸயான், பிறகு பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், முடிவில் மோவாப் என்னும் சிற்றூரை அடுத்த ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் என ஐந்து தேசியப் பூங்காக்கள். போகவர ஏறக்குறைய 1,700 மைல். அந்நாட்டின் அழகைப் பலரும் எழுதிவிட்டனர். ஆயிரம், ஈராயிரம் அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் செம்மணற்பாறைச் சுவர்களும், காற்றும் நீரும் உறைபனியும் குடைந்து விட்ட கல் வளைவுகளும் நேரில் காணும்போது பேச்சை நிறுத்தி விடுகின்றன என்பதோடு அமைகிறோம். ஆர்ச்சஸ் பூங்காவில் மட்டும் இத்தகைய வளைவுகள் ஈராயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றுள் ஒன்று, சுவர் வளைவு எனப் பெயர் பெற்றது, 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் இடிந்து விழுந்தது. அதன் கற்குவியல் அருகே நின்றபோது அநித்திய பாவனை தானே வந்தது. ஆயினும் நம் மனத்தைப் பின்னர் உறுத்தியது மேலே நின்ற கல்லன்று, கீழே கிடந்த மண்.

ஆர்ச்சஸ் பூங்காவின் நடைவழி ஒன்றின் தொடக்கத்தில், வழியை விட்டு மண்ணில் கால் வைக்க வேண்டா, அம்மண் உயிருள்ளது என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. பேத்தி அதை இருமுறை படித்தாள். “தாத்தா, பாடசாலையில் நீங்கள் சொன்ன பிருதிவிகாயம் இதுதானா?” என்றாள். கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஜினாலயத்துப் பாடசாலையில் கேட்டதை அவள் மறக்கவில்லை.

பலகை சுட்டிய மண்ணை முதலில் கண்டறியவே எங்களால் இயலவில்லை. பிறகு பூங்காப் பணியாளர் ஒருவர் காட்டினார். புதர்களுக்கு இடையில் மணல் மேல் கரிய பொருக்குப் போல, சிறு சிறு கோபுரங்களாகப் புடைத்துக் கிடந்தது. தீய்ந்த அடைத்தட்டின் மேற்புறம் என்று எங்கள் வீட்டம்மையார் உவமை சொன்னார். அது நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்களும், கற்பாசிகளும், மெல்லிய பசும்பாசிகளும் சேர்ந்து வாழும் குடியிருப்பு. ஆண்டுக்குப் பத்து அங்குலம் மழை பெய்தாலே நல்ல ஆண்டு என்னும் அந்நிலத்தில், மழைத்துளி பட்டதும் அந்த நுண்ணிய இழைகள் விழித்து மணலினூடே ஊர்கின்றன. ஊர்ந்த வழியெல்லாம் பசையுள்ள உறை ஒன்றை விட்டுச் செல்கின்றன. அவ்வுறை மணல் துகள்களைப் பிணைக்கிறது. அதனால் காற்று மண்ணைத் தூக்கிச் செல்வதில்லை. பெய்த சிறு மழை ஓடிப் போவதில்லை. வளியிலுள்ள நைட்ரஜன் செடிக்கு உணவாகிறது. பல இடங்களில் தரையை மூடியிருக்கும் உயிர்ப்பொருளில் பெரும்பகுதி இதுவேயாம். நீர் வற்றியதும் மீண்டும் உறங்கி விடுகிறது. உறங்கும்போது கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையது. ஒரே காலடி போதும். மேற்போர்வையாக மெல்லிய படலம் திரும்பி வர ஐந்து முதல் ஏழு ஆண்டு. உள்ளே அறுந்த உறைகளும் சத்தும் சீராக ஐம்பது ஆண்டு வரை. கற்பாசிகளுக்கு அதனினும் நெடுங்காலம். நொறுங்கிய இடத்து மணல் காற்றில் பறந்து அண்டையிலுள்ள நல்ல பொருக்கின் மேல் படிந்து அதையும் மூடிக் கொல்லும்.

இன்னொன்றையும் அப்பணியாளர் சொன்னார். இளம் பொருக்குக்குக் கருநிறம் வாராது. வெறும் மணலின் நிறமே இருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியவில்லை என்பது கால் வைக்கப் போதிய காரணமாகாது.

பேத்தியின் கேள்விக்கு ‘ஆம், இதுதான், நம் ஆகமங்கள் அன்றே கூறிவிட்டன’ என்று விடை சொல்லியிருக்கலாம். நம்மவர் மேடைகளில் அவ்வாறு சொல்வதும், அதற்குக் கைதட்டு எழுவதும் உண்டு. ஆனால் அது நேர்மையன்று. மணல் துகள்களின் இடையே உயிர்கள் வாழ்கின்றன என்பதே அறிவியலார் கூற்று. மண்ணையே உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர் உண்டு என்பது நம் ஆகமக் கூற்று. இரண்டும் வெவ்வேறு. ஒன்று மற்றொன்றை மெய்ப்பிக்கவும் இல்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. இதனைக் குழந்தைக்கு விளங்கும் வகையில் சொன்னோம். “அப்படியானால் இரண்டுக்காகவும் பார்த்து நடக்க வேண்டும்” என்றாள். அதன்பின் அவள் நடை மாறிவிட்டது. தலை குனிந்து, முன்னே நாலு முழம் பார்த்து, பாறை மேலும் வறண்ட ஓடை மணலிலும் மட்டுமே அடி வைத்தாள். யாரும் கற்பிக்காமலே ஈரியா சமிதியின் பாதியைப் பழகிவிட்டாள் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. முனிவர்க்கு விதித்த ஈரியா சமிதியில், பகல் வெளிச்சத்தில் நடத்தல், நான்கு முழம் முன்னோக்கல் என்பவற்றோடு, பிராசுகமான வழியில் செல்லல் என்பதும் உண்டு. மக்களும் மாக்களும் வண்டிகளும் முன்னரே சென்று உயிர் நீங்கிய வழி என்பது அதன் பொருள். பூங்காவார் ‘இட்ட வழியிலேயே நட’ என்பதும் இதுவே. ஆனால் வழி ஏன் உயிர் நீங்கியதாய் இருக்கிறது? நமக்கு முன் சென்றவர்கள் மிதித்ததனால். 2021ஆம் ஆண்டில் ஆர்ச்சஸ் பூங்காவுக்கு வந்தோர் எண்ணிக்கை 18 இலட்சம். அத்தனை பேர் கொன்று முடித்த வழியில் நாம் குற்றமற்று நடக்கிறோம். முனிவர் உணவுக்கும் தரிசனத்துக்கும் விகாரத்துக்கும் நடப்பவர். ஊரார் தம் தொழிலுக்காக இட்ட வழியை அவர் பயன்படுத்துகிறார். எங்கள் முன்னிருந்த வழியோ எங்களைப் போன்றவர்கள் பார்ப்பதற்காகவே இட்டது. இந்த வேறுபாடு சிறிதென்று தோன்றவில்லை.

மறுநாள் கேன்யன்லாண்ட்ஸில் வழுவழுப்பான பாறைப் பரப்பொன்றில் ஏறினோம். நம் மலைப்பள்ளிகளில் கற்படுக்கைகளின் அருகே சுனை இருக்குமே, அதுபோல் அங்கும் குழிகளில் மழைநீர் தேங்கியிருந்தது. வெயில் கடுமை, முகம் கழுவலாம் என்று எம் மகன் குனிந்தான். பேத்தி கையைப் பிடித்து நிறுத்தினாள். பார்வையாளர் நிலையத்தில் அவள் படித்திருக்கிறாள்: முகத்தில் பூசிய வெயில் காப்புக் களிம்பு சிறிது கரைந்தாலே அந்நீரிலுள்ள உயிர்கட்குக் கேடாகும். குனிந்து பார்த்தோம். நகத்தளவு நீளமும் இல்லாத, ஒளி ஊடுருவும் சிற்றிறால்கள் மல்லாந்து நீந்தின. அவற்றின் வாழ்நாள் சில வாரமே. நீர் வற்றுமுன் முட்டையிட்டு மடிந்துவிடும். அம்முட்டைகள் வெயிலில் வறண்டு, குளிரில் உறைந்து, ஆண்டுக்கணக்கில் புழுதியோடு புழுதியாய்க் கிடந்து, அடுத்த நல்ல மழையில் பொரிக்கும். எனவே வற்றிய குழியும் வெறுங்குழியன்று. அதில் அடி வைத்தால் நசுங்குவது புழுதி மட்டுமன்று.

எங்கள் வீட்டம்மையார் அங்கேயே அமர்ந்துவிட்டார். காலையிலிருந்து எத்தனை வற்றிய குழிகளைக் கடந்தோம் என்று கேட்டார். ஒருவராலும் விடை கூற முடியவில்லை. அன்று மேற்கொண்டு நடக்கவில்லை.

முகாம் வாழ்க்கையைப் பற்றியும் சில சொற்கள். அந்நாட்டில் மலையேறுவோர் கைக்கொள்ளும் ஒழுக்கம் ஒன்றுண்டு. ‘தடம் விடாதே’ என்பது அதன் பெயர். 1994 முதல் கொலராடோ மாநிலத்தில் ஓர் அமைப்பு அதனை ஏழு நெறிகளாக வகுத்துப் பரப்பி வருகிறது. கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொணர்தல், கல்லையும் பூவையும் எடாமை, விலங்குகளுக்கு உணவிடாமை முதலியன அதில் அடங்கும். மலங்கழிக்க நேர்ந்தால் நீர்நிலை, நடைவழி, முகாம் இவற்றிலிருந்து 200 அடி விலகி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். சில பள்ளத்தாக்குகளில் அதையும் பையிலிட்டுத் திரும்பக் கொணர வேண்டும். இவற்றைப் படிக்கும்போது ஆதான நிட்சேபணம், உற்சர்க்கம் என்னும் சமிதிகள் நினைவுக்கு வாராமல் இரா. ஆனால் ஊன்றி நோக்கினால் நோக்கம் வேறுபடுவது புலனாகும். பின்னால் வருபவர் காணும் காட்சி கெடக்கூடாது, அந்நிலத்து இயற்கை நிலைகுலையக் கூடாது என்பது அவர்கள் கவலை. நல்ல கவலைதான், குறை கூறவில்லை. ஆயினும் பொருக்கில் வாழும் தனி ஓர் உயிர்க்கு, அதன் துன்பத்துக்கு, அங்கு இடமில்லை. விடியற்காலையில் முகாமில் அனைவரும் காலணியைக் கவிழ்த்துத் தட்டுகின்றனர். உள்ளே தேள் இருந்தால் கடித்துவிடும் என்று. நம் முனிவர் மயிற்பீலியால் இடத்தை வருடிய பின்னரே அமர்கிறார். உயிர் ஏதும் நசுங்கிவிடும் என்று. கைச்செயல் ஏறத்தாழ ஒன்றே.

தீயைப் பற்றி எங்களுக்குள் சிறு பிணக்கும் நேர்ந்தது. கூடாரப் பயணம் என்றாலே அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு இரவில் விறகுத் தீ மூட்டிச் சுற்றி அமர்வதுதான். முகாமில் அதற்கென இரும்பு வளையமும் இருக்கிறது. விறகை அங்கே பொறுக்கக்கூடாது, விலைக்கு வாங்க வேண்டும். அண்டைக் கூடாரத்துக் குடும்பத்தினர் பேத்தியை அன்போடு அழைத்து, குச்சியில் குத்தித் தீயில் வாட்டித் தின்னும் வெள்ளை மிட்டாயைக் கொடுத்தனர். அது ஜெலாட்டின் சேர்ந்தது, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது என்பது அவளுக்குத் தெரியும். நன்றி கூறி மறுத்துவிட்டாள். ஆனால் தீ மட்டும் எங்களுக்கும் வேண்டும் என்றாள். சூரியன் மறைய எட்டரை மணி ஆவதால் இரவுண்ணாமைக்கு இடர்ப்பாடில்லை. உணவு முடிந்த பின் சமைக்கவும் வேண்டாத, குளிர் காயவும் வேண்டாத தீ எதற்கு என்று நாங்கள் கேட்டோம். மருமகள் குழந்தையின் பக்கம் பேசினாள். ஒரு நாள் தீ மூட்டவும் செய்தோம். விட்டில்கள் வந்தன. அவற்றுள் சில விழுந்தன. பேத்தியே நீரூற்றி அணைத்தாள். பிறகு வந்த இரவுகளில் விளக்கையும் அணைத்துவிட்டு விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே இருளையும் காக்கிறார்கள். அம்மாநிலத்து நேச்சுரல் பிரிட்ஜஸ் என்னுமிடம் 2007இல் உலகிலேயே முதலாவதாக ‘இருள்வான் பூங்கா’ என்று சான்று பெற்றது.

இவ்வளவு விழிப்போடு நடந்தோம் என்று சிறிது பெருமையும் எங்களிடம் சேர்ந்திருக்க வேண்டும். அப்பெருமை மோவாப் அருகே ஒரு பெட்ரோல் நிலையத்தில் உடைந்தது.

அன்று மாலை இறந்த குதிரை முனை என்னும் மாநிலப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். மூன்று புறமும் செங்குத்துப் பாறை, ஒருபுறம் மட்டும் குறுகிய கழுத்துப் போன்ற வழி. முற்காலத்தில் மாட்டு மந்தைக்காரர்கள் காட்டுக் குதிரைகளை அங்கே ஓட்டி, கழுத்தைக் கிளைகளால் அடைத்து, வேண்டியவற்றைப் பிடித்துக் கொள்வார்களாம். ஒரு முறை எஞ்சியவற்றை அப்படியே விட்டுச் சென்றுவிட்டனர். கீழே 2,000 அடி ஆழத்தில் கொலராடோ ஆறு ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அக்குதிரைகள் நீரின்றி மடிந்தன என்பது வழிவழிக் கதை. வேலியருகே நின்ற ஒவ்வொருவரும் உச்சுக் கொட்டினர். நாங்களும்தான். பேத்தி கண் கலங்கினாள்.

அங்கிருந்து இரவு முகாமுக்குத் திரும்பும் வழியில் எரிபொருள் இட நின்றோம். ஒளி வெள்ளத்தில் காரின் முன்கண்ணாடியைப் பார்த்தோம். மஞ்சளும் வெண்மையுமாய்ப் புள்ளிகள், ஒடிந்த சிறகுகள், ஒன்று இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தது. விளக்குகளின் மேலும் முன்புறத் தகட்டின் மேலும் இன்னும் மிகுதி. அம்மாநிலத்து நெடுஞ்சாலைகள் சிலவற்றில் மணிக்கு 80 மைல் வேகத்தைச் சட்டமே இசைகிறது. மகன் வழக்கம்போல் அங்கே தொங்கிய ரப்பர்ப் பட்டைத் துடைப்பானை எடுத்து இருமுறை இழுத்தான். கண்ணாடி தூய்மையாயிற்று. பத்து நாளாக ஒவ்வொரு முறை எரிபொருள் இடும்போதும் அவன் செய்ததுதான் அது. அன்றுதான் நாங்கள் பார்த்தோம். குதிரைக்கு உச்சுக் கொட்டிய எங்கள் வாய் அங்கே திறக்கவில்லை. பாசிக்கு அஞ்சிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தோம். அந்தப் பாசியைக் காண வந்த வழியில் நாலறிவுயிர்கள் எத்தனை என்று கணக்கில்லை.

அன்றிரவு கூடாரத்தில் மகனோடு நெடுநேரம் பேசினோம். அவன் கேட்டது நியாயமான கேள்வி. “அப்பா, நாம் கொல்ல வேண்டும் என்று எண்ணவில்லையே. இல்லறத்தான் விட வேண்டியது சங்கல்ப இம்சை என்றுதானே சொல்லிக் கொடுத்தீர்கள்?” உண்மை. ஆரம்பி, உத்தியோகி, விரோதி, சங்கல்பி என இம்சை நால்வகை. வீட்டு வேலையில் நேர்வது முதலாவது. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது இரண்டாவது. தற்காப்பில் நேர்வது மூன்றாவது. கருதிச் செய்வது நான்காவது. இல்லறத்தான் முழுதும் விட வேண்டியது நான்காவதை. மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். எங்கள் பயணத்தை இந்நான்கில் எதில் வைப்பது என்று எண்ணிப் பார்த்தோம். சமையலன்று, துப்புரவன்று, ஆகவே ஆரம்பியாகாது. வயிற்றுப் பிழைப்பன்று. எதிரியும் இல்லை. கொல்லும் கருத்தும் இல்லை. நான்கிலும் சேரவில்லை என்றதும் மகன் முகத்தில் சிறு வெற்றி தெரிந்தது.

ஆனால் நான்கிலும் சேராததற்கு ஆசாரியர்கள் வேறோர் இடம் வைத்திருக்கிறார்கள். அனர்த்ததண்டம், அதாவது பயனின்றி விளையும் தீங்கு. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்தாகப் பிரிக்கிறார். ஐந்தனுள் ஒன்று பிரமாதசரியை. வீணே மண்ணைக் கிளறுதல், நீரை இறைத்தல், தீ மூட்டல், காற்றை எழுப்பல், செடியை ஒடித்தல் ஆகியவற்றோடு, வீணே சுற்றித் திரிதல், பிறரையும் சுற்றித் திரியச் செய்தல் என்பவற்றையும் அவர் அதில் சேர்த்திருக்கிறார். அப்பகுதியைப் பலமுறை படித்தும் அந்தக் கடைசி இரண்டையும் நாங்கள் பொருட்படுத்தியதில்லை. தெருவில் வீண் பொழுது போக்கும் இளைஞரை எண்ணிச் சொன்னதாகக் கொண்டிருந்தோம். மண், தீ, திரிதல் என்று அவர் வரிசைப்படுத்தியவற்றில் பெரும்பாலானவை எங்கள் பத்து நாளில் நிறைந்திருந்தன.

மகன் விடவில்லை. சம்மேத சிகரத்துக்கும் சிரவணபெளகுளத்துக்கும் பேருந்து அமர்த்தி இரவோடிரவாகப் போகிறோமே, அந்தப் பேருந்தின் கண்ணாடியில் பூச்சி ஒட்டுவதில்லையா என்றான். இக்கேள்வியை நம் வாசகர் அனைவரும் ஒருமுறை தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். தரிசனம் என்னும் பயன் இருப்பதால் அது அனர்த்தம் ஆகாது என்று விடை கூறினோம். அவ்விடை சரியே என்று இன்றும் கருதுகிறோம். ஆனால் பூச்சியின் பக்கம் நின்று பார்த்தால் அது அரை விடையே. பகலில் போகக்கூடிய யாத்திரையை, விடுதி வாடகை மிச்சம் என்று இரவில் போவது எந்தப் பயனில் சேரும் என்பதற்கு எங்களிடம் விடை இல்லை. நாங்களே அவ்வாறு போயிருக்கிறோம்.

மருமகள் சொன்னது இதனினும் வலியது. கண்டவரே காப்பார், மக்கள் வந்து பார்த்து வியந்திராவிட்டால் இந்நிலம் 1929இல் காப்பிடமாகவும் பின்னர் 1971இல் தேசியப் பூங்காவாகவும் ஆகியிராது, சுரங்கமும் மேய்ச்சலும் இதை அழித்திருக்கும் என்றாள். மறுக்க முடியாது. குழந்தையின் நடை மாறியதும் இங்கு வந்ததனால்தானே என்றும் கேட்டாள். அதையும் மறுக்கவில்லை. எங்கள் எழுபது ஆண்டு வாசிப்பில் வெறும் சொல்லாக இருந்த ஓரறிவுயிர், அந்தக் கரும்பொருக்கின் முன் குனிந்தபோதுதான் எதிரே இருக்கும் ஒன்றாயிற்று. ஆயினும் கற்பதற்காகச் சென்றோம் என்று இப்போது சொன்னால் அது பொய். வேடிக்கை பார்க்கச் சென்றோம், கற்றது தற்செயல். சென்ற பின் கிடைத்த நன்மையைச் சென்ற காரணமாக எழுதிக்கொள்வது கணக்குப் பிள்ளை செய்யும் தவறு. தவிர, ஒரு முறை கற்றாயிற்று. அடுத்த முறைக்கு அக்காரணமும் இல்லை.

இங்கேதான் திசைவிரதம் நினைவுக்கு வந்தது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு எனப் பலரும் அறிந்த எல்லைகளைக் கொண்டு பத்துத் திசைக்கும் வரையறை செய்துகொள்வது அவ்விரதம். ஆசை அடங்கும் என்பதுதான் அதன் பயன் என்று எண்ணியிருந்தோம். சமந்தபத்திரர் கூறும் காரணம் வேறு; தமிழில் அருங்கலச்செப்பும் அவர் வழி நின்றே சிராவக ஒழுக்கத்தை உரைக்கிறது. எல்லைக்கு உட்பட்ட இடத்தில் இல்லறத்தானின் விரதம் அணுவிரதமே. ஆனால் எல்லைக்கு அப்பால் அவன் நுண்ணிய தீங்கும் செய்வதில்லை; ஆகவே அவ்விடத்தைப் பொறுத்தவரை அவனுடைய அணுவிரதங்கள் மகாவிரதத் தன்மையை அடைகின்றன என்கிறார்.

இதனை அன்றிரவு கைவிளக்கின் ஒளி கூட இன்றி, நினைவிலிருந்தே சொல்லிப் பார்த்தோம். சமையலும் தொழிலும் பயணமும் விடமுடியாத இல்லறத்தான், பிள்ளை குட்டிகளோடு வீட்டில் இருந்துகொண்டே, தான் போகாத நிலத்து உயிர்கட்கு ஒரு முனிவனைப் போல் இருக்க முடியும். எந்தத் துறவும் இன்றி அதை அவன் பெறுகிறான். எங்கள் தாயார் தம் இறுதி இருபது ஆண்டுகளில் தெற்கே காவிரிக்கும் வடக்கே பெண்ணைக்கும் அப்பால் போவதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். பேரன் திருமணம் சென்னையில் நடந்தபோதும் வரவில்லை. பிடிவாதம் என்று அன்று நாங்கள் வருந்தினோம். சற்றுக் கடிந்தும் பேசினோம். காவிரிக்கு அப்பாலுள்ள அத்தனை வழிகளிலும் ஓர் எறும்பும் அவர் காலடியில் சாகவில்லை என்பது அப்போது எங்கள் எண்ணத்தில் எழவில்லை.

திரும்பும்போது பகலில் மட்டும் வண்டி ஓட்டுவதென்றும் வேகத்தைக் குறைப்பதென்றும் முடிவு செய்தோம். ஒரு நாளில் முடியும் வழி இரண்டு நாளாயிற்று. மகனுக்கு ஒரு நாள் விடுப்புக் குறைந்தது. கண்ணாடியில் பூச்சிகள் குறைந்தனவேயன்றி இல்லாமல் போகவில்லை.

வீடு வந்த மறுநாள் பேத்தி வரைபடத்தை மேசையில் விரித்தாள். திசைவிரதம் தனக்கும் வேண்டும் என்றாள். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது அவ்விரதம், சிறு பிள்ளைக்கு அது பொருந்தாது; காலவரையறையோடு எல்லையைச் சுருக்கிக்கொள்ளும் தேசாவகாசிகம் என ஒன்று உண்டு, அதைக் கொள்ளலாம் என்று சொன்னோம். எதுவரை என்று கேட்டாள். மகாவீரர் வீடுபெற்ற நாளாகிய தீபாவளி வரை என்றோம். சிவப்புப் பென்சிலை எடுத்து, கிழக்கே கொலராடோ ஆற்றின் நெடுகக் கோடு இழுத்தாள். மலைத்தொடர், கடல், மெக்சிகோ எல்லை என மற்ற திசைகளுக்கும் இழுத்தாள்.

மகன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஆகஸ்டு மாதம் கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் தங்குவதற்கு அவன் ஏற்கெனவே அறை பதிவு செய்திருந்தான். தென்விளிம்பு ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்கிறது. குழந்தைக்கு அது தெரியாது, அவனும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதிவை நீக்கிவிட்டதாக எங்களிடம் மட்டும் கூறினான். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை.